ஒன்பதாம் மேசை

வெள்ளி போயா. சனி, ஞாயிறு சேர்த்தால்
மூன்று நாள் லீவு.
பாதிக் கொழும்பு வேன் பிடித்து
நுவரெலியாவுக்கு ஏறியிருந்தது.
அதில் நாங்களும் மூன்று பேர்.

வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையொன்றில்
பதினொரு வருடமாகக் காசு மேசையில் இருக்கிறவன் நான்.
லீவு நாள் என்றால் எனக்கு
ஈரக் கைகள் நீட்டும் நோட்டுகள்,
கல்குலேட்டரில் தேய்ந்துபோன ஏழு.
இந்த முறைதான் முதலாளி, என்ன நினைத்தாரோ,
"போயிட்டு வாரும்" என்றார்.

சனி இரவுச் சாப்பாட்டுக்கு ஐயாயிரம்.
ஒற்றை நோட்டு. நிரூபா அதை நாலாக மடித்து
கைப்பையின் சின்ன அறைக்குள் வைத்திருந்தாள்.

பெரிய ஹோட்டல் வாசலில்
பஃபே, தலைக்கு ஒன்பதாயிரம் என்று போட்டிருந்தது.
எங்களிடம் மூன்று தலை,
ஒன்றில் கம்பளித் தொப்பி.
காவற்காரர் நல்ல மனுசன்.
நாங்கள் திரும்பியதைக் காணாத மாதிரி
மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சீனக் கடையில் ஒரு மணித்தியால வரிசை.
அடுத்ததில் இடம் இருந்தது.
லீவு நாளில், எட்டு மணிக்கு,
இடம் இருக்கிற கடையில் சாப்பிடக்கூடாது.
இது தொழில் சொல்லித் தந்தது.
அதற்கடுத்ததில் விலைகளின் மேல் புது ஸ்டிக்கர்.
நகத்தால் சுரண்டினேன்,
அடியில் போன கிழமை விலை பல்லைக் காட்டியது.
"மானத்தை வாங்காதேங்கோ" என்றாள் நிரூபா.
துவாரகன் "பசிக்குது" என்பதை விட்டு
"குளிருது" என்பதற்கு மாறியிருந்தான்.

கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஒரு மரப்படி ஏறினோம்.
ஒன்பதாம் மேசை, ஒரு கால் கட்டை.
கோழி ஃப்ரைட் ரைஸ் பெரியது ஒன்று,
பராட்டா இரண்டு, டெவல் கணவாய்,
பையனுக்கு வட்டிலாப்பம்.
சேர்விஸ் சார்ஜும் கூட்டித்தான் சொன்னேன்:
நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.

சோறு பரவாயில்லை.
கணவாய் ரப்பர், ஆனால் சூடான ரப்பர்.
அந்தக் குளிரில் அது போதும்.
பரிமாறிய பொடியன், சட்டையில் அனுஷன் என்று பெயர்,
ஆறு மேசைக்கும் ஒருவனாக ஓடினான்.

பில்லைப் பார்க்காமல் கட்டுவதுதான்
லீவு என்று எனக்குள் ஒரு நினைப்பு.
பார்க்காமலே கட்டினேன்.
மீதியை எண்ணாமல் ஜாக்கெட்டில் திணித்தேன்.

தபால் கந்தோர் தாண்டி, அறை வாசலில்,
தோளில் தூங்கிய பிள்ளையை இறக்கிவிட்டு
கையைச் சூடாக்க ஜாக்கெட்டுக்குள் விட்டேன்.
ஐம்பது ரூபாய் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு கத்தை.
கணவாயை எழுத மறந்திருக்கிறான்.

"உங்களுக்கு விசரே? பிழை அவங்கட."
"கணக்கு முடிக்கேக்க குறைஞ்சா
அவன்ட சம்பளத்திலதான் வெட்டுவினம்."
"உங்களுக்கு எப்படித் தெரியும்?"
"எங்கட கடையில வெட்டுறது நான்தானே."

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து போனேன்.
ஒன்பதாம் மேசையில் அவர்கள் நாலு பேர்,
நடுவில் ஒரு அலுமினியச் சட்டி.
கருவாடு. கத்தரிக்காய். புளி.
படியிலேயே அந்த மணம் என் கையைப் பிடித்துவிட்டது.

"என்ன சார், ஏதாச்சும் விட்டுட்டுப் போயிட்டீங்களா?"
ஆயிரத்து எழுநூற்று அறுபதை எண்ணி வைத்தேன்.
அனுஷன் காசைப் பார்த்தான், பில் கட்டையைப் பார்த்தான்,
பிறகு காசு மேசையில் இருந்தவனைப் பார்த்தான்.
அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.
எப்போதும் மற்றப் பக்கத்திலிருந்து.

"இது மெனுவில இல்லையே" என்றேன் சட்டியைக் காட்டி,
பேச வேறொன்றும் வராமல்.
"இது எங்களுக்குங்க சார்."
சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து,
சிவப்பரிசிச் சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்து
ஒரு கவளம் என் உள்ளங்கையில் வைத்தான்.
நின்றபடியே சாப்பிட்டேன்.
இன்னொன்று கேட்க வெட்கமாக இருந்தது.
கேட்டேன்.

அறையில் போர்வைக்குள்ளிருந்து நிரூபா
மூக்கைச் சுழித்தாள். "என்ன மணம் அது?"
பைப்பில் தண்ணீர் ஐஸ் மாதிரி,
அதுதான் கை கழுவவில்லை என்று சொன்னேன்.